செம்பனைத் தோட்டத்து எலியும் வெண்கூகையும்

காஜாங் என்று சொன்னால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சாத்தேதான். லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த அந்த ஊரை நன்கு அறிந்தவர்களுக்கு அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் நினைவுக்கு வரும். முதலில் பால்மரத் தோட்டங்கள்; பிறகு செம்பனைத் தோட்டங்கள். அவற்றுள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. 1921இல் தொடங்கப்பெற்ற பிராங் பெசார் தோட்டம் 1990ஆம் ஆண்டுகளில் புத்ராஜெயாவாக உருவெடுத்தது. தோட்டங்கள் குறைந்தாலும் செம்பனையைப் பற்றிய ஆராய்ச்சி காஜாங்கின் பக்கத்திலேயே நடைபெறுகிறது. 1979இல் தோன்றிய செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம், 2000ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் இணைந்தது. அவ்வாரியத்தின் தலைமையகம் காஜாங்கை ஒட்டிய பண்டார் பாரு பாங்கியில் இருக்கிறது.

செம்பனையை ஆராய்கிறவர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் ஒரு சிறு பிராணியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அது எலி. எலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, பொறி வைத்தால் போயிற்று என்று நம்மில் சிலர் எண்ணலாம். பொறியாலும் நஞ்சாலும் மட்டும் தீர்கிற காரியமாக அது இருந்திருந்தால், மனிதன் நெல் விளைவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை எலி நம்மோடு கூடவே வந்திருக்க முடியாது. அது எப்படி நம்மோடு வாழ்கிறது, எதனால் பெருகுகிறது, எதனால் குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் நம் பாடும் குறையும்.

முதலில் எலியின் உறவினர்கள் யார் என்று பார்ப்போம். பாலூட்டிகளில் கொறிக்கும் பிராணிகள் என்று ஒரு பெரும் பிரிவு உண்டு. உலகிலுள்ள பாலூட்டி இனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது இனங்கள் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில் ஆகியவை நமக்குத் தெரிந்தவை. முள்ளம்பன்றியும் கொறிக்கும் பிராணியே. பெயரில் பன்றி இருந்தாலும் பன்றிக்கும் அதற்கும் உறவில்லை. நம் நாட்டு மூங்கில் காடுகளில் வாழும் மூங்கில் எலியும், வட நாடுகளில் மரத்தைக் கடித்து வீழ்த்தி ஆற்றுக்கு அணை கட்டும் நீர்நாயைப் போன்ற பீவரும் இவற்றின் உறவினர்களே. தென் அமெரிக்காவில் வாழும் காப்பிபாரா என்பது 50 கிலோவுக்கு மேலும் எடையுள்ளது. கொறிக்கும் பிராணிகளில் மிகப் பெரியது அதுவே.

எலியைப் போலத் தோன்றுவனவெல்லாம் எலியல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டு மூலையில் நீண்ட மூக்கை நீட்டிக்கொண்டு கீச்சுக்கீச்சென்று ஓடும் மூஞ்சூறு கொறிக்கும் பிராணியன்று. அது கரப்பான்பூச்சி முதலிய பூச்சிகளைத் தின்று வாழ்வது. எலியென்று எண்ணி அதை அடிக்கிறவர்கள் தங்களுக்கு உதவி செய்யும் ஒரு பிராணியை அடிக்கிறார்கள். மலாய் மொழியில் துப்பாய் என்றால் அணில். ஆனால் அணிலைப் போன்றே தோற்றமுள்ள, கூர்மூக்குடைய மர மூஞ்சூறு ஒன்றையும் மக்கள் அதே பெயரால் அழைக்கிறார்கள். அதுவும் கொறிக்கும் பிராணியன்று. முயலும் அப்படியே, அது வேறொரு பிரிவைச் சேர்ந்தது.

அப்படியானால் கொறிக்கும் பிராணி என்பதற்கு அடையாளம் என்ன? பல்தான். மேல் தாடையில் இரண்டு, கீழ்த் தாடையில் இரண்டு என முன்புறத்தில் உளிபோன்ற நான்கு வெட்டுப் பற்கள் இருக்கின்றன. இந்தப் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எலியின் வெட்டுப் பல் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. பல்லின் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான எனாமல் இருக்கிறது. பின்பக்கம் சற்று மென்மையானது. கொறிக்கும்போது பின்பக்கம் விரைவாகவும் முன்பக்கம் மெதுவாகவும் தேய்வதால் பல்லின் நுனி எப்பொழுதும் தீட்டிய உளிபோலவே இருக்கும். பசியில்லாத போதும் எலி மரச்சட்டத்தையும் மின்கம்பியையும் கடிப்பதைப் பார்க்கிறோம். குறும்புக்காக அது அப்படிச் செய்வதில்லை. கடிப்பதை நிறுத்தினால் பல் நீண்டு, வாயை மூட முடியாமல், பட்டினியால் மடிய நேரிடும்.

எலியின் கண்பார்வை அவ்வளவு கூர்மையானதன்று. இருளில் மீசை மயிர்களால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். நாள்தோறும் ஒரே வழியில் ஓடுவதால் சுவரோரத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கறை படிந்துவிடும். அந்தக் கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறி வைக்க வேண்டும். அறையின் நடுவில் வைப்பதால் பயனில்லை. மோப்பத்தில் எலி மிகவும் வல்லது. நம் காதுக்கு எட்டாத நுண்ணிய ஒலிகளால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வெளியில் சென்று வந்த எலியின் மூச்சில் ஏதேனும் உணவின் மணம் இருந்தால், மற்ற எலிகள் அதை முகர்ந்து, அந்த உணவைத் தின்னலாம் என்று தெரிந்துகொள்கின்றன. இதைச் சோதனைச்சாலைகளில் கண்டறிந்திருக்கிறார்கள்.

வீட்டு எலிகளுக்குப் புதிய பொருளைக் கண்டால் ஐயம். நேற்று இல்லாத பொறி இன்று இருந்தால் சில நாள் அதை நெருங்காது. புது உணவையும் சிறிதளவு கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பிறகு அதைத் தொடாது. இதற்கு ஒரு காரணம் உண்டு. நாமோ நாயோ கெட்டதைத் தின்றால் வாந்தி எடுத்துவிடலாம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஆகவே தின்பதற்கு முன்னமே எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்தச் செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். நஞ்சைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

எலியின் வாழ்நாள் குறுகியது. காட்டிலும் தோட்டத்திலும் பெரும்பாலான எலிகள் ஓராண்டுகூட உயிர்வாழ்வதில்லை. அந்தக் குறையை அது இனப்பெருக்கத்தால் ஈடுகட்டுகிறது. சினைக்காலம் சுமார் மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். இரண்டு மூன்று மாதங்களில் அந்தக் குட்டிகளும் ஈனத் தொடங்கிவிடும். உணவு இருக்குமானால் எலி எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதற்கு வடகிழக்கு இந்தியாவின் மிசோராம் மாநிலமே சான்று. அங்குள்ள ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கும். அந்தக் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கும். 1959ஆம் ஆண்டையொட்டி அங்கே இவ்வாறு பெரும் பஞ்சம் நேர்ந்தது. 2007ஆம் ஆண்டையொட்டி மூங்கில் மீண்டும் பூத்தபோதும் எலிகள் பெருகிப் பயிர்களை அழித்தன. எலிப் பெருக்கத்திற்குக் காரணம் எலியன்று, உணவு என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

இயற்கையில் எலிக்கும் அதன் உறவினர்களுக்கும் வேலை இருக்கிறதா என்று கேட்டால், நிறைய இருக்கிறது. நம் நாட்டு மழைக்காடுகளில் எலிகளும் அணில்களும் முள்ளம்பன்றிகளும் கீழே விழும் காய்களைத் தின்கின்றன. தின்றது போக மீதியை வேறிடங்களில் கொண்டுபோய் மண்ணிலும் சருகிலும் மறைத்து வைக்கின்றன. மறைத்ததையெல்லாம் அவை மீண்டும் எடுப்பதில்லை. மறந்துபோன விதைகளில் சில முளைத்து மரமாகின்றன. மண்ணை அகழ்ந்து புரட்டுவதால் காற்றும் நீரும் உள்ளே செல்கின்றன. காளான் வித்துகளும் இவற்றின் வழியாகப் பரவுகின்றன. இவையெல்லாம் போக, பாம்பு, உடும்பு, புனுகுப்பூனை, காட்டுப்பூனை, ஆந்தை ஆகியவற்றிற்கு எலி முக்கியமான ஓர் உணவு. காட்டில் எலி குறைந்தால் இவற்றின் உணவும் குறையும்.

காட்டில் எலி தொல்லை தருவதில்லை. உண்பதற்கு அது தேட வேண்டியிருக்கிறது; அதை உண்பதற்கும் ஆள் இருக்கிறது. காட்டை வெட்டி ஒரே பயிரை நட்ட இடத்தில்தான் கணக்கு மாறுகிறது.

இனி தோட்டத்துக்கு வருவோம். பால்மரத் தோட்டத்தில் எலிக்குக் கிடைக்கும் உணவு குறைவு. பாலை அது குடிக்கப் போவதில்லை. நம் நாட்டில் வணிக முறையில் முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில், தென்னமரம் என்னுமிடத்தில் உருவாயிற்று. 1960ஆம் ஆண்டுகளிலிருந்து பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது பெருகியது. செம்பனை ஆண்டு முழுவதும் காய்க்கிறது. அதன் பழத்தில் எண்ணெய் நிறைந்த சதை இருக்கிறது. வெட்டிப் போடும் மட்டைகளை வரிசைகளுக்கிடையில் அடுக்கி வைக்கிறோம். அந்த மட்டைக் குவியல் எலிக்கு வீடாகிவிடுகிறது. உணவும் உறையுளும் ஓரிடத்திலேயே கிடைக்கும்போது எலிக்கு வேறென்ன வேண்டும்?

செம்பனைத் தோட்டத்தில் மிகுதியாகக் காணப்படுவது மலேசியக் காட்டெலி. விஞ்ஞானிகள் இதற்குத் தியோமான் தீவின் பெயரை வைத்து ரேட்டஸ் தியோமனிக்கஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இது வளை தோண்டுவதில்லை. மட்டைக் குவியலிலும் மரத்தின் கொண்டையிலும் தங்கும். நன்றாக மரம் ஏறும். நெல்வயலில் வாழும் வயலெலி வேறு. அது வரப்பில் வளை தோண்டி வாழ்வது. புல்லடர்ந்த இளஞ்செடித் தோட்டங்களுக்கும் வரும். வீட்டெலியும் தோட்டங்களில் புகுந்திருக்கிறது.

பிரையன் வூட் என்ற ஆய்வாளரும் அவருடன் உழைத்தவர்களும் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பல ஆண்டுகள் எண்ணி ஆராய்ந்தார்கள். தடுப்பு முறை எதுவுமில்லாத தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு 200 முதல் 600 எலிகள் வரை இருக்கக்கூடும் என்றும், எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு இழப்பு நேரக்கூடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். நூறு டன் எண்ணெய் கிடைக்க வேண்டிய இடத்தில் ஐந்து டன் எலிக்குப் போகிறது என்பது இதன் பொருள். எலி பழத்தை மரத்திலேயே கொறிக்கிறது. உதிர்ந்த பழத்தைக் குவியலுக்குள் இழுத்துச் செல்கிறது. இளஞ்செடியின் குருத்தையும் கடிக்கிறது.

1981இல் இன்னொரு மாற்றம் வந்தது. அதற்கு முன்பு செம்பனைப் பூக்களுக்கு ஆட்களைக் கொண்டு மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து, ஜொகூரின் குளுவாங் பகுதித் தோட்டமொன்றில் விட்டார்கள். அந்த வண்டு மகரந்தத்தைத் தானே சுமந்து சென்றது, காய்ப்பு பெருகியது, கையால் தூவும் வேலை நின்றது. வண்டின் புழுக்கள் ஆண் பூங்கொத்தில் வளர்கின்றன. எலிகள் இதைக் கண்டுகொண்டன. பூங்கொத்தைக் கிழித்துப் புழுக்களைத் தின்னத் தொடங்கின. எண்ணெய்ச் சத்து ஏற்கெனவே கிடைத்துவந்த எலிக்கு இப்போது புரதச் சத்தும் கிடைத்தது. நாம் ஒரு நன்மைக்காகச் செய்த காரியம் எலிக்கும் நன்மையாக முடிந்தது.

எண்ணெய் இழப்பு தோட்ட நிருவாகத்தின் கவலை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதனினும் பெரிய கவலை நோய். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி எலியின் சிறுநீரகத்தில் வாழ்கிறது. எலிக்கு அதனால் பெரிய துன்பமில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் நாம் வெறுங்காலுடன் நடக்கும்போது, காலிலுள்ள கீறல் வழியாகக் கிருமி உள்ளே புகுகிறது. கண், வாய், மூக்கு வழியாகவும் புகும். கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையில் வலி, கண் சிவத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீரகம் பழுதுபட்டு, உயிருக்கே ஆபத்தாகும். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால் குணப்படுத்த மருந்து உண்டு. 1886இல் ஜெர்மனியில் வைல் என்ற மருத்துவர் இந்நோயின் கடுமையான வடிவத்தை விளக்கி எழுதினார். மலேசியாவில் இந்நோய் கண்டால் அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2010இல் வந்தது.

மற்றொன்று ஸ்கிரப் டைபஸ் என்னும் புதர்க் காய்ச்சல். லாலாங் புல்லிலும் புதரிலும் வாழும் மிகச் சிறிய சிற்றுண்ணியின் இளம் பருவம் இதைப் பரப்புகிறது. அந்தச் சிற்றுண்ணிக்கு எலியே இருப்பிடம். கடித்த இடத்தில் கருகியது போன்ற ஒரு வடு தோன்றும். சில நாளில் காய்ச்சல் வரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்த நம் மக்கள் இக்காய்ச்சலால் மிகவும் துன்பப்பட்டார்கள். அப்பொழுது இதற்கு மருந்தில்லை. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து குளோராம்பெனிகால் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் இரண்டொரு நாளில் தணிந்தது. அதே சோதனையில், புதர்க் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு என்று பிறகு தெரிந்தது, அவர்களும் குணமடைந்தார்கள். டைபாய்டுக்கும் மருந்து உண்டு என்று உலகம் அறிந்தது நம் கோலாலம்பூரில்தான்.

எலியால் இவ்வளவு இழப்பும் நோயும் உண்டென்றால், நஞ்சு வைத்துக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். அதைத்தான் செய்தார்கள். பழைய நஞ்சுகள் உடனே வேலை செய்பவை. எலி சிறிது கடித்ததும் வயிறு கலங்கும். பிழைத்த எலி மறுமுறை தொடாது. நாம் முன்னர்ச் சொன்ன எச்சரிக்கை உணர்ச்சியே அதைக் காப்பாற்றியது. இதற்கு மாற்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானி அதன் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1948இல் வார்ஃபரின் என்னும் எலி நஞ்சு வந்தது. இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையை அது தடுக்கிறது. நாள்கணக்கில் மெதுவாக வேலை செய்வதால், எதைத் தின்று இந்த நிலை வந்தது என்று எலியால் அறிய முடிவதில்லை. இன்று அதே மருந்தைத்தான் இரத்தக் கட்டியைத் தடுக்க மனிதர்களுக்கும் மருத்துவர்கள் அளந்து கொடுக்கிறார்கள்.

நம் தோட்டங்களில் வார்ஃபரின் கலந்த மெழுகுக் கட்டிகளை மரத்துக்கு ஒன்றாக வைத்து, தின்ற கட்டிகளுக்குப் பதில் புதிய கட்டிகளை வைத்துக்கொண்டே வந்தார்கள். நூற்றுக்கு இருபதுக்கும் குறைவான கட்டிகளே தின்னப்படும் நிலை வந்ததும் நிறுத்தினார்கள். சில ஆண்டுகள் நல்ல பயன் கிடைத்தது. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. கட்டியைத் தின்றும் சாகாத எலிகள் தோன்றின. நஞ்சுக்கு அடங்கும் எலிகள் மடிய, இயற்கையாகவே அதைத் தாங்கும் ஆற்றலுடன் பிறந்த சில எலிகள் எஞ்சின. அவற்றின் குட்டிகள் தோட்டத்தை நிரப்பின. பிறகு இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் வந்தன. ஒரே முறை தின்றாலும் கொல்லக்கூடியவை அவை. அவற்றுக்கு ஒரு குறை இருந்தது. எலியின் ஈரலில் அவை நெடுநாள் தங்கிவிடும். நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை; சில நாள் தள்ளாடிக்கொண்டு திறந்த வெளியில் நடமாடும். அத்தகைய எலியைப் பிடிப்பது எளிது. பிடித்துத் தின்றவை ஆந்தைகள்.

இங்கேதான் வெண்கூகை நம் கதைக்குள் வருகிறது. இதய வடிவமான வெண்முகமும் பொன்னிற முதுகும் உடைய பறவை இது. மலாய்க்காரர்கள் புங்குக் ஜெலாப்பாங் என்கிறார்கள். களஞ்சியத்து ஆந்தை என்பது பொருள். தீபகற்ப மலேசியாவில் இது முன்பு அரிது. 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததை உறுதியாகக் கண்டார்கள். செம்பனை பரவியபோது எலி பரவியது; எலியைத் தொடர்ந்து கூகையும் வடக்கு நோக்கிப் பரவியது. 1976இல் டக்கெட் என்ற ஆய்வாளர் இப்பறவை தோட்டத்து எலிகளைப் பெருமளவில் பிடிக்கிறது என்று எழுதினார். 1984இல் அவரே இரண்டாம் தலைமுறை நஞ்சு வைத்த தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோனதையும் எழுதினார்.

எலியைத் தின்கிறது என்பது எப்படித் தெரியும்? கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால் போதும். கிரஹாம் லென்டன் என்ற ஆய்வாளர் நம் நாட்டில் இவ்வாறு எண்ணிப் பார்த்து, கூகையின் இரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் எலியே என்று கண்டார். ஓர் இணை, தன் குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் எலிகளைத் தீர்க்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அதன் இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. ஒலி எத்திசையிலிருந்து, எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதை இதனால் அது மிகச் சரியாக அறியும். முழு இருட்டிலும் சருகில் ஓடும் எலியின் சலசலப்பைக் கேட்டே பிடித்துவிடும். இறகுகள் மென்மையானவை, பறக்கும் ஓசை எலிக்குக் கேட்பதில்லை.

கூகை தானாகக் கூடு கட்டுவதில்லை. மரப்பொந்து, பாழ்வீடு போன்ற இடங்களைத் தேடும். செம்பனையில் பொந்து இல்லை. ஆகவே தோட்டத்தில் நான்கு ஐந்து மீட்டர் உயரக் கம்பங்களில் மரப்பெட்டிகளை வைக்கிறார்கள். ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கம். எலி மிகுதியாக உள்ள இடத்தில் கூகை மட்டும் போதாது. முதலில் தீங்கு குறைந்த நஞ்சால் எலியின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, பிறகு அது ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கூகையிடம் விடுவதே முறை. எலி அடியோடு ஒழிந்துவிடாது. ஒழிந்தால் கூகையும் போய்விடும். பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்து எலி மட்டும் திரும்பி வரும். ஆகவே எலி சிறிது இருக்கத்தான் வேண்டும்.

இதில் நம் பங்கு ஒன்று இருக்கிறது. கூகையைச் சாக்குருவி என்று சொல்லி அஞ்சுகிறவர்கள் நம்மிடையே உண்டு. மலாய் மொழியிலும் ஆந்தைக்குப் பேய்ப்பறவை என்றே பெயர். இரவில் லயத்துக்கு மேலே அது கீச்சென்று அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று எண்ணிக் கல்லெறிகிறோம். அதன் குரல் இனியதன்று. ஆனால் அது கூவுவது தன் இணைக்காகவும் குஞ்சுக்காகவும்தான். வீட்டின் அருகே எலி இருப்பதால் அது வருகிறது. எலிக்காய்ச்சலால் சாவு வரக்கூடும். கூகையின் குரலால் வராது. உண்மையில் சாவைத் தரக்கூடியதை அடுப்படியில் விட்டுவிட்டு, அதைப் பிடிக்க வந்ததைக் கல்லால் அடிப்பது என்ன நியாயம்? பாம்பும் அப்படியே. நச்சுப் பாம்பு வீட்டுக்குள் வந்தால் உரியவர்களை அழைத்து அகற்றத்தான் வேண்டும். தோட்டத்து மட்டைக் குவியலில் கிடக்கும் பாம்பைத் தேடிப் போய்க் கொல்ல வேண்டியதில்லை. அது எலியைத் தேடி வந்தது. எலி இல்லாத முற்றத்துக்குப் பாம்பு வருவது அரிது.

நகரத்தில் இருக்கிறவர்கள், நமக்குத் தோட்டம் இல்லையே என்று சும்மா இருக்க முடியாது. காஜாங்கிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைத்தெருக்களின் பின்சந்துகளைப் பார்த்தால், சாக்கடையும் மிச்ச உணவும் சேர்ந்த இடத்தில் பகலிலேயே எலி ஓடுகிறது. மிசோராமின் மூங்கில் காயும், தோட்டத்தின் செம்பனைப் பழமும், கடைத்தெருவின் மிச்ச உணவும் எலிக்கு ஒன்றுதான். உணவைக் குறைத்தால் எலி குறையும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். இரவில் பாத்திரங்களைக் கழுவாமல் போட்டுவைக்கக் கூடாது. அரிசியையும் பருப்பையும் மூடியுள்ள தகர டின்னில் வைக்க வேண்டும். நம் பாட்டிமார்கள் உறி கட்டித் தயிரையும் நெய்யையும் தொங்கவிட்டது இந்த அறிவால்தான். அரை அங்குலத் துளை இருந்தால் எலிக்குட்டி நுழைந்துவிடும். சுண்டெலிக்கு அதுவும் வேண்டாம். துளைகளைச் சிமெண்டாலோ கம்பி வலையாலோ அடைக்க வேண்டும். துணியாலும் மரத்தாலும் அடைத்தால் கடித்துவிடும்.

தோட்டத்திலும் சாக்கடையிலும் சந்தையிலும் வேலை செய்கிறவர்கள் ரப்பர்க் காலணியும் கையுறையும் அணிவது நல்லது. கால் கையில் காயம் இருந்தால் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்து வடிந்த வீட்டைச் சுத்தம் செய்யும்போது இது மிகவும் தேவை. டின்னில் வரும் பானத்தைத் திறப்பதற்கு முன் மேற்புறத்தைக் கழுவிக்கொள்ளலாம். காய்ச்சலுடன் மருத்துவரிடம் போகும்போது, நாம் என்ன வேலை செய்கிறோம், எந்த நீரில் இறங்கினோம், உடம்பில் கருவடு ஏதும் உண்டா என்பதைக் கேளாமலே சொல்லிவிட வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று தவறாக நினைக்காமல் இருக்க அந்த ஒரு சொல் உதவும். வீட்டில் எலி நஞ்சு வைத்தால், குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வைப்பதோடு, செத்த எலியைக் கையால் தொடாமல் எடுத்து ஆழப் புதைக்க வேண்டும். அதை வெளியே எறிந்தால் இன்னொரு பிராணி தின்று மடியும்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நம்மிடையே பழமொழியாக இருக்கிறது. கண்ட நஞ்சையெல்லாம் கொட்டி, கூகையையும் பாம்பையும் மூஞ்சூற்றையும் சேர்த்து அழிப்பது அந்தக் கதையைத்தான் நினைவூட்டுகிறது. செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் மக்கள் எலி வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பார்கள். அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு எலி எங்கே தங்கும், எவ்வழி ஓடும், எதைச் சேர்க்கும் என்று தெரியும். நமக்கும் அந்த அறிவு வேண்டும். இன்றிரவு படுக்கப் போகுமுன் அடுப்படியில் மூடாமல் இருக்கும் பாத்திரத்தை மூடிவிட்டுப் படுப்போம். நாளைக்குக் குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி வாங்குவோம். கூரைமேல் கூகை அலறினால், அது தன் வேலையைச் செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம்.